எழுத்துக் கொடை

எழுத்து, ஒலிவடிவம் வரிவடிவம் என இருதிறப்படும் என்பது இலக்கணம் பயில்வார் முதலிற் கேட்கும் செய்தி. ஒலிவடிவத்தின் பிறப்பு, மாத்திரை, புணர்ச்சி என்பவற்றை நம் இலக்கண நூலார் ஓர் அதிகாரம் முழுதும் விரித்து ஆராய்ந்தனர். வரிவடிவத்திற்கோ, புள்ளி பெறுவன இவை என்றாற் போலும் சில சூத்திரங்களே அமைந்தன. எழுதுவோன் கையும் எழுத்தாணியும் செல்லும் வழியே உருவம் அமையும் என அவர் அதனை விடுத்தனர் போலும். அச்சு வந்த பின்னர் நிலை மாறிற்று. ஒருவர் ஆக்கிய உருவத்தையே பல்லாயிரவர் படிக்கும் காலம் தோன்றிற்று. அவ்வொருவர் யாவர் என்று படிப்போர் வினவுவதில்லை. இம்மலரின் எழுத்தும் எவரோ ஒருவர் வளைவு வளைவாக எண்ணி வரைந்ததேயாம்.

இவ்வாறு வரைவோருள் ஒரு சாரார் அதனையே தொழிலாகக் கொண்டு பொருளீட்டுவோர். மற்றொரு சாரார் வேறு தொழிலால் வாழ்ந்து, ஓய்ந்த வேளையில் வேட்கை ஒன்றே காரணமாக எழுத்து வரைந்து, வரைந்ததை யாவர்க்கும் விலையின்றி வழங்குவோர். இப்பிற்சாராரைப் பற்றியும், அவர்தம் கொடை நிலைத்து நிற்றற்கு வேண்டுவன யாவை என்பது பற்றியும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

முற்காலத்தில் இத்தகைய கொடை அரிது. ஓர் எழுத்தை எஃகுக் கோலின் முனையிற் புடைப்பாகச் செதுக்கல் வேண்டும். அக்கோலைச் செம்புத் துண்டின்மேல் அறைந்து குழிவு செய்தல் வேண்டும். அக்குழிவில் ஈயக் கலவையை உருக்கி வார்த்தல் வேண்டும். தமிழ் போலும் எழுத்துப் பல்கிய மொழிக்கு இத்தொழிலை நூற்றுக்கு மேற்பட்ட முறை செய்தல் வேண்டும். தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் தொண்டாற்றிய காலத்துச் செருமனி நாட்டு ஹாலே நகரில் தமிழெழுத்துக்கள் செய்யப்பட்டு, 1713-ஆம் ஆண்டிற் கப்பலேறி வந்தன. வந்தவை மிகப் பெரியனவாய் இருந்தமையின் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆதலின் சிறியனவற்றை இந்நாட்டிலேயே வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். கடல் கடந்த நாட்டார் பொருளும் உழைப்பும் கூட்டிச் செய்த காரியம் அது. தனியொருவர் பொழுதுபோக்காகச் செய்யத்தக்கதன்று.

ஆயினும் பிறர்க்கென நல்லெழுத்துத் தேடிய ஒருவர் அதற்கு முன்னரே இங்கிலாந்தில் இருந்தனர். ஆக்ஸ்போர்டு நகரத்துப் பேராயரும் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் தலைவருமாகிய ஜான் ஃபெல் என்பார் அவர். தம் பல்கலைக்கழகத்து அச்சுக்கூடத்தின் குறையை நீக்கக் கருதி, ஆலந்து நாட்டிலிருந்து எஃகுக் கோல்களையும் செம்புக் குழிவுகளையும் வருவித்தார். பீட்டர் டி வால்பெர்கன் என்னும் செதுக்குநரைக் கொண்டு புதியனவும் செய்வித்தார். 1686-இல் அவர் இறந்தபோது அவை பல்கலைக்கழகத்திற்கு உடைமையாயின. முந்நூறாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர், இத்தாலி நாட்டுப் பொறியியலாளராகிய இகீனோ மரீனி என்பார், அவ்வெழுத்துக்களைக் கணினிக்குரிய எழுத்துருக்களாக மீட்டெடுத்து, வேண்டுவார் எடுத்துக்கொள்க என வழங்கினார். மை பரந்து விளிம்பு மழுங்கியிருந்த தன்மையை அவர் துடைத்தாரல்லர். பழைய தாளில் எழுத்து எவ்வாறு பதிந்ததோ அவ்வாறே தோன்றுமாறு அமைத்தார். பழம்பாடத்தைத் திருத்துவதாக எண்ணி அதனை அழித்துவிட்ட பதிப்பாசிரியர் சிலரை நூல்வழி அறிந்துள்ள எமக்கு, இப்பொறியியலாளரின் அடக்கம் பெரிதும் உவப்பாகின்றது.

மரீனி போலும் தனியொருவர்க்கு இது எவ்வாறு இயன்றது? கணினியில் எழுத்து என்பது ஈயமன்று, கோட்டின் வரைவே. ஒரு வளைவின் இரு முனைகளும், அது எப்பக்கம் சாய்ந்து செல்லும் என்பதனைக் காட்டும் வேறு புள்ளிகளும் எண்களாகக் குறிக்கப்பெறின், எஞ்சியதைக் கணினி வரைந்துகொள்ளும். அளவைப் பெருக்கினும் சுருக்கினும் எண்கள் அவையே. ஆகவே உளியும் உலையும் இன்றித் தம் அறையில் இருந்தவாறே ஒருவர் எழுத்தாக்கலாம்.

இவ்வழியில் முன்னோடியாய் நின்றவர் அமெரிக்க நாட்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டொனால்டு கனூத். எழுத்து வரைதல் அவர் தொழிலன்று. கணினி இயலே அவர் துறை. தம் பெருநூலின் இரண்டாம் தொகுதியைத் திருத்திப் பதிப்பிக்க முற்பட்ட 1977-ஆம் ஆண்டில், சரிபார்க்க வந்த புரூப்புகளின் அழகின்மை கண்டு அவர் வருந்தினார். வருந்தியதனோடு அமையாது, நூலைக் கோக்கும் நிரல் ஒன்றும் எழுத்து வரையும் நிரல் ஒன்றும் தாமே ஆக்கத் தொடங்கினார். பின்னதன் பெயர் மெட்டாஃபாண்ட். எழுத்தின் விளிம்பைக் குறிப்பதினும், எழுதுகோல் எவ்வழிச் சென்றது, அதன் முனை எவ்வளவு அகலமுடையது என்பவற்றைக் குறிப்பதே அதன் முறை. எழுத்தாணி பிடித்தெழுதிய மரபினர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். சிறிது காலத்தில் முடியும் என அவர் எண்ணியது ஏறத்தாழப் பத்தாண்டு கொண்டது. ஆங்கிலத்து 'எஸ்' என்னும் ஓர் எழுத்தின் வளைவு அவரை எத்துணை வருத்திற்றெனின், அதனைப் பற்றியே 1980-இல் தனிக்கட்டுரை ஒன்று வெளியிட்டார். முடிந்த நிரல்களையும் எழுத்துக்களையும் விலையின்றி உலகிற்கு அளித்தார். கணக்கியல் நூல்கள் பல இன்றும் அவ்வெழுத்தாலேயே அமைகின்றன.

கனூத்தின் முறை கணக்கறிந்தார்க்கே எளிது. திரையில் வளைவை இழுத்தும் தள்ளியும் வரைய உதவும் ஃபாண்டோகிராஃபர் என்னும் நிரல் 1986-இல் விலைக்கு வந்தது. 2000-ஆம் ஆண்டில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்பார் ஆக்கத் தொடங்கி, பின்னர் ஃபாண்ட்ஃபோர்ஜ் எனப் பெயர் பெற்ற நிரலோ விலையின்றியே கிடைப்பதாயிற்று. அதன்பின் எழுத்தாக்க விரும்பினார்க்குத் தடை காலமும் பொறுமையும் அன்றிப் பிறிதில்லை.

வேடிக்கைக்கென எழுத்தாக்குவோரும் பலர் தோன்றினர். கனடா நாட்டு ரே லாரபி என்பார் கணினி விளையாட்டுத் தொழிலில் இருந்தவர். அவர் 1996 முதல் தாம் வரைந்த எழுத்துருக்களை இணையத்தின் வழியே வழங்கத் தொடங்கினார். வானவூர்தி போல்வன, பழைய கடைப் பலகை போல்வன என அவர் ஆக்கியவை பலப்பல. தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சி ஒன்றன் பெயர்ப்பொறிப்பைப் பின்பற்றி அவர் வரைந்த ப்ரைஸ்டவுன் என்னும் எழுத்தே, 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' என்னும் விளையாட்டின் தலைப்பிற் காணப்படுவது. விடுதியில் அவ்விளையாட்டை அறியாதார் இலர்; அவ்வெழுத்தை வரைந்தார் பெயரை அறிந்தாரோ யாம் வினவிய அளவில் ஒருவரும் இலர். இவ்வகை எழுத்துக்களுட் பல தலைப்பிற்கன்றி நெடுக வாசித்தற்கு உதவா என்பது உண்மையே. நகைச்சுவைத் துணுக்கைப் பெருங்காப்பியத்தோடு ஒப்பிட்டுக் குறைகூறுவார் எவரும் இலர். இதனையும் அவ்வாறே கொள்ளல் தகும்.

நெடிய வாசிப்பிற்குரிய எழுத்தை ஆக்குதலே மிக்க உழைப்புடையது. அழகிய உருவம் ஐம்பது வரைந்துவிட்டாற் போதாது. ஒவ்வோர் எழுத்தும் பிற ஒவ்வோர் எழுத்தின் அருகில் நிற்குங்கால் இடைவெளி ஒத்திருத்தல் வேண்டும். தமிழில் 'ட' என்பதனைக் காண்க. அதன் வலப்புற மேற்பகுதி வெறுமையாய் இருத்தலின், அதன்பின் எவ்வெழுத்து வரினும் ஒரு பள்ளம் தோன்றும். அதனை நீக்க அடுத்த எழுத்தை நெருக்கின், அடியிலுள்ள கோடு சென்று முட்டும். இத்தகைய இணைகள் நூற்றுக்கணக்கில் உள. நல்ல எழுத்துருவில் இவ்வுழைப்புக் கண்ணுக்குத் தோன்றாது. தோன்றாமையே அதன் வெற்றி.

இவ்வுழைப்பைக் கூலியின்றி மேற்கொண்டவருள் இருவரை மட்டும் கூறுவாம். செருமனி நாட்டு ஃபிலிப் போல் என்பார் 2003-இல் லினக்ஸ் லிபர்டைன் என்னும் எழுத்துருவைத் தொடங்கினார். இலத்தீனம், கிரேக்கம், சிரிலிக்கு என்பவற்றிற்குரிய இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட உருவங்கள் அதில் அமைந்தன. 2010-ஆம் ஆண்டில் விக்கிப்பீடியா தன் பெயர்ப்பொறிப்பை அவ்வெழுத்தால் அமைத்துக்கொண்டது. மற்றொருவர் ஆஸ்திரிய நாட்டு கியோர்க் டஃப்னர். 1592-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து வார்ப்புச்சாலை ஒன்று வெளியிட்ட மாதிரித் தாளில், 1561-இல் மறைந்த கிளாடு கரமோன் என்னும் பெருங்கலைஞரின் எழுத்துக்கள் அச்சாகியுள்ளன. அத்தாளை மூலமாகக் கொண்டு டஃப்னர் ஈபி கரமோன் என்னும் எழுத்துருவை 2011-ஆம் ஆண்டளவில் வெளியிட்டார். அதன் தடித்த வடிவங்களை அவரால் நிறைவேற்ற இயலவில்லை. பின்னர் ஸ்பானிய நாட்டு ஒக்டாவியோ பார்டோ என்பார் அப்பணியை ஏற்று முடித்தார்.

ஒருவர் விட்டதை மற்றொருவர் தொடர்ந்தார் என்னும் இச்செய்தியே எம் கருத்தை ஈர்த்தது. தொடர்தற்கு அவர்க்கு உரிமை தந்தது எது? 'இலவசம்' என்னும் சொல் அன்று. விலையின்றிக் கிடைக்கும் எழுத்துருக்களுட் பல, சொந்தப் பயன்பாட்டிற்கு மட்டும் என்னும் வரையறையோடு வழங்கப்படுவன. அவற்றைத் திருத்துதலும், பிறர்க்கு அளித்தலும், விற்கும் நூலில் ஆளுதலும் கூடாமை உண்டு. ஆக்கியவர் மறைந்துவிடின் இசைவு கேட்பதற்கும் ஆளின்றி அவ்வெழுத்து முடங்கிப்போம். அமெரிக்க நாட்டுச் சட்டத்தில் எழுத்தின் உருவம் பதிப்புரிமைக்கு உட்படாது. அதனை வரையும் கணினிக் கோப்பு நிரலாகக் கருதப்பட்டு உட்படும். பழந்தாளைப் பார்த்துத் தாமே வரைவது ஒன்று. பிறர் கோப்பை எடுத்துப் பெயர் மாற்றி வழங்குவது வேறொன்று. பின்னதனையும் 'பகிர்தல்' என்று கூறிக்கொள்வாருளர். அது கொடையாகாது.

இக்குறை தீர்க்க எழுந்ததே திறந்த எழுத்துரு உரிமம். மறைத்திருப்பணியோடு தொடர்புடைய எஸ்.ஐ.எல். என்னும் மொழியியல் நிறுவனத்தார், எழுத்து முறை முற்றும் அமையாத சிறுமொழிகளுக்கு நூல் அச்சிட வேண்டியவராய் இருந்தனர். இலத்தீன எழுத்தின் மேலும் கீழும் குறிகள் பல இட்டெழுதும் அம்மொழிகளுக்கு விற்பனை எழுத்துக்கள் உதவவில்லை. வாங்குவோர் சிலராயின் விற்போர் ஏன் வரைவர்? அந்நிறுவனத்து விக்டர் கோல்ட்னி என்பார் ஜெண்டியம் என்னும் எழுத்துருவை ஆக்கினார். அப்பெயர் இலத்தீனத்தில் 'இனங்களுடையது' எனப் பொருள்படும். அவரும் நிக்கோலா ஸ்பாலிங்கர் என்பாரும் வகுத்த உரிமம் 2005-இல் முதன்முதல் வெளியாகி, 2007-இல் திருத்தம் பெற்றது.

அதன்படி எழுத்துருவை எவரும் ஆளலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். எழுத்துருவைத் தனியே விலைக்கு விற்றல் மட்டும் ஆகாது. திருத்தியதையும் அதே உரிமத்தின்கீழ் வழங்கல் வேண்டும். மற்றொரு விதி எமக்கு மிகவும் இனியது. ஆக்கியோர் தம் எழுத்துருவின் பெயரை ஒதுக்கிவைத்தாராயின், திருத்தியவர் அப்பெயரை இடாது வேறு பெயர் சூட்டல் வேண்டும். இடைச்செருகலால் நம் பழநூல்கள் பட்ட பாட்டை அறிந்தார் இவ்விதியின் அருமையை உணர்வர். பாட்டை மாற்றிப் பாடுக. ஆயின் மாற்றியதைப் பழம்புலவர் தலையிற் கட்டற்க என்பதே அதன் கருத்து. இவ்வுரிமம் பெற்ற கோப்போடு அதன் வாசகமும் உடன் வருதல் வேண்டுமாதலின், விளம்பரத் தாள் அச்சிடும் மாணவச் சங்கத்தார் ஒரு நிமிடம் செலவிட்டு அதனைப் படித்துவிடலாம்.

இனித் தமிழுக்கு வருவாம். கணினியில் தமிழ் தோன்றிய வரலாற்றில் ஆர்வலர் பங்கு மிகப் பெரிது. சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராய் இருந்த கு. கல்யாணசுந்தரம் அவர்கள் 1990-களில் மயிலை என்னும் தமிழ் எழுத்துருவை ஆக்கி விலையின்றி வழங்கினார். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வாயிலாகத் தமிழிலக்கியங்களை மின்னூலாக்கும் பணியை முன்னின்று நடத்தியவரும் அவரே. நாடுவிட்டு நாடு சென்ற தமிழர் தாய்மொழியிற் கடிதம் எழுத விழைந்த விழைவே இத்தகைய எழுத்துருக்கள் பலவற்றிற்குத் தாயாயிற்று.

ஆனால் அங்கே ஓர் இடர் விளைந்தது. அக்காலத்துக் கணினியில் எழுத்துக்கென ஒதுக்கிய இடங்கள் சிலவே. ஆங்கில எழுத்தும் குறிகளும் நின்ற இடங்களில் தமிழுருவங்களை அமர்த்தி, பார்வைக்குத் தமிழ் தோன்றச் செய்தனர். எவ்விடத்தில் எவ்வெழுத்து என்பதனை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி அமைத்தனர். ஆகவே ஒருவர் எழுத்துருவால் எழுதியதை மற்றொருவர் எழுத்துருவால் திறப்பின், பாபேல் கோபுரத்தார் மொழி போலாயிற்று. யாம் அறிந்த தமிழாசிரியர் ஒருவர் அந்நாளில் தட்டச்சுச் செய்து போற்றிய ஆய்வேட்டை அண்மையில் எம் கணினியிற் காட்ட முயன்றார். திரையில் நிறைந்தவை ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் கேள்விக்குறியுமே. எழுத்துருவின் பெயர் தெரியின் மாற்றித் தரும் நிரல்கள் உள. அவர்க்கோ பெயர் நினைவில்லை. அச்சுப்படி ஒன்று எஞ்சியிருந்தமையால் ஆய்வேடு பிழைத்தது; எஞ்சாதார் எத்துணையர் என எண்ணினோம். கறையான் அரித்த ஏட்டிலேனும் அரித்தது போக மிச்சம் கிடைக்கும்.

இடரை உணர்ந்த ஆர்வலர்களே மருந்தும் தேடினர். பல நாட்டுத் தமிழரும் இணையத்திற் கலந்தாய்ந்து திஸ்கி என்னும் பொதுக் குறியீட்டை வகுத்தனர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் பயனாகத் தமிழக அரசும் பொதுக் குறியீடுகளை அறிவித்தது. இறுதியில் நிலைத்தது ஒருங்குறியே. 1991-இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்ததெனினும், வீட்டுக் கணினிகளில் அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டளவு ஆயிற்று. மதுரைத் திட்டத்தாரும் திஸ்கியில் அமைத்த நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றினர். இப்பொழுது எழுத்துரு எதுவாயினும் அடியிலுள்ள தமிழ் ஒன்றே; உடையை மாற்றினும் ஆள் மாறாதவாறு போல. ஆக்கியோர் கொடை எத்துணைப் பெரிதாயினும், உரிமமும் பொதுக் குறியீடும் இல்லாவிடின் அது அவர் காலத்தோடு கழியும் என்பதனை இவ்வரலாறு எமக்குக் காட்டிற்று.

தமிழில் இக்கொடையாளர் தொகை ஆங்கிலத்தினும் மிகக் குறைவு. காரணம் வேலையின் பெருக்கம். 247 எழுத்தென்பது வாய்பாடு. வரைய வேண்டியவை எத்துணை என எண்ணிப் பார்த்தோம். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி பெற்ற மெய் 18, இகரம் முதல் ஊகாரம் ஈறாக நான்கும் ஏறியவை 72. இவற்றோடு துணைக்காலும் மூவகைக் கொம்பும் கூட 125 ஆகும். வடவெழுத்துக்களும் எண்களும் குறிகளும் இக்கணக்கிற் சேரா. இவற்றுள்ளும் உகர ஊகாரங்களே பெருந்தொல்லை. கு, சு, டு, து, பு, மு, று என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் வளைதலின், ஒன்றை வரைந்த அறிவு மற்றொன்றிற்கு முழுதும் உதவாது.

இத்தொல்லையைப் பொறுத்து ஆக்கியவருள் இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் ஒருவர். கையெழுத்துச் சாயலுடைய கவிவாணர் என்னும் அவரது எழுத்துரு, கூகுள் நிறுவனத்தார் 2010-இல் தொடங்கிய எழுத்துருத் தொகுதியில் திறந்த உரிமத்தோடு கிடைக்கின்றது. அத்தொகுதியிலேயே மீரா இனிமை என்பதும் உளது. அதனை ஆக்கியோர் தமிழரல்லர். மலையாள எழுத்துருக்களால் அறியப்பெற்ற ஹுசைன், ரஜீஷ் என்னும் இருவர். தம் மொழிக்குச் செய்த பணியை அண்டை மொழிக்கும் நீட்டிய அவர்க்குத் தமிழ் மாணவர் நன்றி கூறல் கடன்.

செய்ய வேண்டியது ஒன்று எம் துறைக்கு அணித்தாய் உளது. 1978-ஆம் ஆண்டுத் தமிழக அரசாணையால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துக்களின் பழைய உருவம் மாறிற்று. அதற்கு முன் அச்சான நூலை உள்ளவாறே மறுபதிப்புச் செய்ய விரும்புவார்க்குப் பழைய உருவங்கள் வேண்டும். ஒருங்குறியில் அவற்றிற்குத் தனியிடம் இல்லை. எழுத்துருவை ஆக்குவோர் அவற்றையும் வரைந்து உள்ளே வைப்பாராயின், வேண்டுங்கால் பழைய உருவமும் மற்றைக்கால் புதிய உருவமும் தோன்றச் செய்யலாம். மூலத் தமிழ் மாறாது. ஒகர ஓகாரம் ஏறியவை ஆகார வடிவத்தையே தழுவுதலின், எழுத்துக்கள் 13 ஆயினும் புதிதாக வரைய வேண்டியவை ஏழே. திறந்த உரிமம் உடைய எழுத்துரு ஒன்றை எடுத்து, இவ்வேழையும் சேர்த்து, வேறு பெயரிட்டு வழங்குதற்கு எவரிடமும் இசைவு பெற வேண்டுவதில்லை. எம் வகுப்பினர் இருவர் சென்ற விடுமுறையில் இதனைத் தொடங்கினர். லை, ளை, னை மூன்றும் முடிந்தன. ணகரத்தின் சுழிகளோடு யானைத் துதிக்கை போலும் அப்பழைய கொம்பை இணைக்கும் இடத்தில் வளைவு இன்னும் நேர்படவில்லை. பழைய பதிப்புக்களை நூல்நிலையத்திலிருந்து எடுத்து ஒப்புநோக்கி வருகின்றனர்.